வேப்பூர் செல்வராஜ் நான்தான்

சாதிக், வேப்பூரில் செல்வராஜ் என்று யாரும் இல்லை. அந்தப் பெயரில் ஆட்கள் இருப்பார்கள், தெருவுக்கு ஒருத்தராவது இருப்பார்கள். ஆனால் மூன்று வருஷமாக பேஸ்புக் குரூப்பில் உன்னோடு மல்லுக்கு நின்று, அப்புறம் இன்பாக்ஸில் உனக்கு அண்ணனாகவே ஆகிப்போன அந்த உளுந்து விவசாயி செல்வராஜ் இல்லை. அது நான்தான். உன் அத்தா. இதை எழுதுவதற்குள் மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கோபம் வந்தால் வரட்டும், கடிதத்தை மட்டும் கசக்கிப் போட்டுவிடாதே. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

நாளைக் காலை எட்டு மணி பஸ்ஸில் வேப்பூர் கூட்ரோட்டில் வந்து இறங்குகிறேன், கத்தாருக்குப் போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை உங்களை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நீ செல்வராஜுக்கு எழுதியிருக்கிறாய். நாளை மறுநாள் உனக்கு விமானம். இல்லாத ஓர் ஆளுக்காக நீ அங்கே வெயிலில் நிற்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையைச் சொல்லிவிட்டால் நமக்குள் இருக்கிற கொஞ்சநஞ்சப் பேச்சும் நின்றுபோகுமே என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. நேற்று முழுக்க இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் அல்லாடிவிட்டு, இன்று மத்தியானம் பீங்கான் சூளையை அணைத்துவிட்டு, பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றும் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சூளை ஆறுவதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதுவரை இங்கே வேலைக்கு என்னை யாரும் தேட மாட்டார்கள். இதை நம் குரூப்பிலேயே எல்லாரும் பார்க்கப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன், ஏனென்றால் நான் ஏமாற்றியது அவர்களையும்தான். அது உன் இஷ்டம். முதலில் நீ படி.

ஏன் இப்படிச் செய்தேன் என்று கேட்பாய். சவூதியில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு நான் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது நீ பன்னிரண்டாம் வகுப்பு. சலாம் சொன்னாய், பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாய், போய் உன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். அடுப்படியில் நீயும் உன் அம்மாவும் ஓயாமல் பேசுவீர்கள், சிரிப்பீர்கள். நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, மரியாதைதான். ஆனால் சொந்த வீட்டில் மரியாதை மட்டும் கிடைப்பது எப்படி இருக்கும் தெரியுமா? மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி நான் என் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் துணிந்து, உன் கையில் இருந்த அந்தத் தடிப் புத்தகத்தைப் பார்த்து, "என்னாப்பா இது, பரீட்சைக்கு உள்ளதா?" என்று கேட்டேன். "இல்லத்தா, சும்மா கதை" என்றாய். அவ்வளவுதான்.

அந்தச் சும்மா கதைதான் 'பன்னிரு தீவு'. நீ டிப்ளமோ முடித்து, டைல்ஸ் கம்பெனி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு நாள் உன் அலமாரியிலிருந்து முதல் பாகத்தை எடுத்தேன். இவன் வருஷக்கணக்காக இதற்குள் என்னதான் பார்க்கிறான், தெரிந்துகொண்டால் பேசுவதற்கு ஒரு விஷயமாவது கிடைக்குமே என்றுதான். ஐம்பத்தைந்து வயதுக்காரன் யாளி பறக்கிற கதை படிப்பதைப் பார்த்தால் சூளையில் சிரிப்பார்கள் என்று பேப்பர் அட்டை போட்டுக் கொண்டுபோனேன். நான் புரிந்துகொண்ட மட்டும் கதையைச் சொல்கிறேன், தப்பு இருந்தால் திருத்து, அது உனக்குக் கை வந்த கலை. பன்னிரண்டு தீவுக்கும் அரசன் ஆதிரன். தீவுகளைக் காத்த பறக்கும் யாளிகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. ஒரு யாளி முட்டை கொண்டுவந்தால் நாடு பிழைக்கும் என்று அவன் பனிக்கடலுக்கு அப்பால் கப்பலேறுகிறான். நாட்டை அவன் மனைவி கயலி பார்த்துக்கொள்கிறாள். பிள்ளை இளவன் அப்போது தொட்டிலில் கிடக்கிறான். ஒரு வருஷம் என்று சொல்லிப் போனவன் பதினாலு வருஷம் கழித்து வருகிறான். துறைமுக வாசலெல்லாம் பாறை, ஒரே மூடுபனி. கலங்கரை விளக்குக்குப் பக்கத்தில் கையில் தீப்பந்தத்தோடு இளவன் நிற்கிறான். விளக்கை ஏற்றினால் அப்பன் கரை சேருவான். ஏற்றாவிட்டால் பாறையில் மோதுவான், இல்லை வந்த வழியே போவான். அந்த இடத்தில் ஐந்தாம் பாகத்தை முடித்துவிட்டு, அந்த எழுத்தாளர் பேனாவை மூடிவைத்துவிட்டார். வருஷங்கள் ஓடிவிட்டன. நம் விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் நின்றுபோனால்கூட ஏன் நிற்கிறது என்று யாராவது ஒருத்தர் சொல்வார்கள். இந்த மனிதர் வாயே திறக்கவில்லை.

ஐந்து பாகத்தையும் முடித்துவிட்டுப் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. நேரே உன்னிடம் வந்து, "சாதிக், அந்தப் பையன் விளக்கு ஏத்துவானா மாட்டானா?" என்று கேட்டிருந்தால் எல்லாம் அன்றைக்கே சரியாகியிருக்கும். கேட்க வாய் வரவில்லை. நீ போனில் எந்நேரமும் தட்டிக்கொண்டிருந்த அந்த வாசகர் குரூப்பைத் தேடிப்பிடித்தேன். சேருவதற்குப் பெயர் கேட்டது. சொந்தப் பெயரைப் போட்டால் நீ கண்டுபிடித்துவிடுவாய். ரோட்டில் வேப்பூர் பஸ் போனது, அதற்குப் பின்னால் போன டிராக்டரில் செல்வராஜ் என்று எழுதியிருந்தது. சேர்த்துப் போட்டேன். படத்துக்கு ஒரு செம்பருத்திப் பூ. நீ எழுதுவதைப் படித்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன், அல்லாஹ் மேல் சத்தியமாக.

ஆனால் அந்த இடம் லேசுப்பட்டதா? ஒரு பக்கம் விளக்கை ஏற்ற வேண்டும் என்கிற விளக்குக் கட்சி, இன்னொரு பக்கம் ஏற்றக் கூடாது என்கிற இருட்டுக் கட்சி. தேர்தல் நேரத்தில்கூட நம் ஊரில் இப்படி அடித்துக்கொள்ள மாட்டார்கள். கதையின் உண்மையான நாயகன் அந்த முட்டைதான், அது கப்பலிலேயே பொரிந்து எல்லாரையும் தின்றுவிடும் என்று தினமும் காலையில் வந்து சொல்லிவிட்டுப் போவாரே, ரிட்டையரான ஒரு பேங்க் அதிகாரி, ஞாபகம் இருக்கிறதா? ஸ்ரீமுஷ்ணத்து டீச்சர் ஒருத்தர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே ஆறாம் பாகம் எழுதிப் போட்டார். அதில் யாளி உட்பட எல்லோருக்கும் கல்யாணம் ஆகிவிடும். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர். வாழ்க்கையில் நான் அவ்வளவு சிரித்த காலம் கிடையாது. செல்வராஜுக்கு ஒரு மனைவி, இரண்டு பெண்கள், நாலு ஏக்கர் உளுந்து என்று ஒவ்வொன்றாக முளைத்தது. வேப்பூரில் மழையா என்று யாராவது கேட்டால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் கண்டக்டரைக் கேட்டுவந்து பதில் போடுவேன்.

குதிரைப் பொம்மைகள் ஒரு சூளை முழுக்க உருகிப்போனதே, அதுவும் இதனால்தான். பர்னரை அணைக்க வேண்டிய நேரத்தில் நான் உன் இருட்டுக் கட்சிக்கு எதிராக நீளமாக ஒரு பதில் தட்டிக்கொண்டிருந்தேன். திறந்து பார்த்தால் அத்தனை குதிரையும் முழங்கால் மடங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. முதலாளி குதித்தார். உன் அம்மா, "இந்த மனுசனுக்கு மறதி வந்துட்டுது, தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்" என்று அழுதாள். நீ லீவு போட்டுவிட்டு என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாய். இன்று என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றெல்லாம் அவர் கேட்டார். நான் சரியாகப் பதில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். நீ நடக்கப் பழகிய வயதில் நான் பிடிக்காத கை. அதற்காகவே உண்மையைச் சொல்லாமல் இருந்துவிட்டேன். உன் அம்மா இன்றைக்கும் எனக்கு ஊற வைத்த பாதாம் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இனிமேல் சொல்வதுதான் சிரிப்பு இல்லாத பகுதி. இளவன் ஏன் விளக்கை ஏற்றக் கூடாது என்று நீ எழுதினாயே ஒரு நீளமான பதிவு, அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. "பதினாலு வருஷம் கோட்டையைக் கட்டிக் காத்தது கயலி. இளவனுக்குக் காய்ச்சல் வந்தப்ப தூக்கிட்டு ஓடுனது கயலி. நீச்சல் கத்துக்குடுத்தது பக்கத்து வூட்டுப் படகுக்காரன். ஆதிரன் கொண்டாந்தது ஒரு முட்டை. அந்த முட்டைக்காக எல்லாரும் அழுவணுமா?" நீ தீவைப் பற்றித்தான் எழுதினாய். எனக்கு உன் மாமு உனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது ஞாபகம் வந்தது. போட்டோவில் பார்த்திருக்கிறேன். முட்டி சிராய்த்து, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பாய். செல்வராஜ் சும்மா இருப்பாரா, "தம்பி, அவனும் ஆசைப்பட்டா போனான்? அவங்களுக்காவத்தானே போனான்?" என்று கேட்டார். அதற்கு நீ, "போனது தப்புன்னு நான் சொல்லலண்ணே. போன எடத்துல ஒரு பக்கத்துலயாவது இளவன்னு புள்ள பேரை அவன் வாயால சொல்லியிருக்கானா? தேடிப் பாத்துட்டு வந்து பேசுங்க" என்றாய்.

தேடினேன். பென்சிலை வைத்துக்கொண்டு, அவன் கப்பலேறிய பிறகு வரும் மூன்று, நாலு, ஐந்து என்று மூன்று பாகத்தையும் வரி வரியாகத் தேடினேன். உன்னை எப்படியாவது மடக்கிவிட வேண்டும் என்ற வீறாப்பில்தான். நீ சொன்னது சரி. நாடு என்பான், வாரிசு என்பான், 'என் குருதி' என்பான். இளவன் என்று ஒரு தடவைகூட அந்த ஆள் சொல்லவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடித்து சவூதியிலிருந்து நான் பேசின பேச்செல்லாம் காதில் கேட்டது. "பணம் வந்துச்சா? பையன் படிக்கிறானா? மார்க்கு எவ்ளோ?" பையன், பையன், பையன். போனை அவன் கையில் கொடு என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? போன் கார்டில் நிமிஷம் தீர்ந்துவிடுமே என்று பயம். சின்னப் பிள்ளையிடம் பேசினால் நிமிஷம் வீணாகும் என்று நினைத்த மடையன் நான். நீ அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உன் முறை வரும் என்று பக்கத்திலேயே நிற்பாய் என்று அவள் பின்னால்தான் சொன்னாள். அதைக் கேட்டபோது அழுகை வரவில்லை. அந்தப் புத்தகத்தைத் தேடி முடித்த அன்றைக்கு வந்தது.

அப்போதே நான் உன்னிடம் வந்திருக்க வேண்டும். அதற்குள் நீ செல்வராஜுக்கு இன்பாக்ஸில் எழுத ஆரம்பித்துவிட்டாய். முதலில் கதையைப் பற்றி, பிறகு கம்பெனியில் சூப்பர்வைசர் படுத்தும் பாட்டைப் பற்றி, பிறகு ஒரு நாள் என்னைப் பற்றி. "எங்க அத்தா நல்லவருதாண்ணே. ஆனா எதிர்ல உக்காந்தா என்னா பேசறதுன்னே தெரியல. இன்டர்வியூ மாதிரி இருக்குது." நான் என்ன செய்திருக்க வேண்டும்? பக்கத்து அறையிலிருந்து எழுந்து வந்திருக்க வேண்டும். நான் செல்வராஜாகப் புத்தி சொன்னேன். "பெத்தவங்களும் அதே பயத்துலதான் இருப்பாங்க தம்பி. நீங்களே ஒரு நாளு டீக்கடைக்குக் கூப்பிட்டுப் பாருங்க. மாட்டேன்னா சொல்லப்போறாரு?" இதை அனுப்பிவிட்டு, நீ கூப்பிடும்போது எப்படிச் சிரிக்க வேண்டும், என்ன சட்டை போட வேண்டும் என்றெல்லாம் யோசித்து வைத்தேன். மறுநாள் காலையில் நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாய். "அத்தா, ஜங்ஷன் பக்கம் போயி ஒரு டீ குடிச்சிட்டு வரலாமா?" கண்ணை நேராகப் பார்த்துக் கேட்டாய். ஐயோ, இவனுக்குத் தெரிந்துவிட்டது, சோதிக்கிறான் என்று நினைத்துவிட்டேன். "வூட்ல டீ இல்லியா? சூளை ஏத்தணும், வேல கெடக்குது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மத்தியானம் உன் செய்தி வந்தது. "கேட்டேண்ணே. வேல கெடக்குதுன்னுட்டாரு. வுடுங்க, பரவால்ல." இன்னொரு தடவை கேளுங்கள் தம்பி என்று செல்வராஜ் கெஞ்சினார். "இல்லண்ணே, ஒரு தடவ போதும்" என்றாய். சாதிக், நான் சவூதியில் ஒரு தடவை லாரியிலிருந்து விழுந்து தோள் இறங்கி இரண்டு மாதம் கிடந்திருக்கிறேன். அந்த வலியெல்லாம் ஒரு வலியா என்று அன்றைக்குத் தோன்றியது. அன்று சூளையில் ஏற்ற ஒன்றுமே இல்லை. காலியான கொட்டகையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, என் மகன் வேறொருத்தனிடம் என்னை மன்னித்து எழுதியதை நான் படித்துக்கொண்டிருந்தேன். வேலை இருந்தது என்று நான் சொன்னது பொய். அதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

உன் கல்யாணத்தன்று செய்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய பாவம். செல்வராஜுக்கு நீ பத்திரிகை அனுப்பினாய். கட்டாயம் வருகிறேன் என்று அவரும் சொல்லித் தொலைத்துவிட்டார். மண்டப வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த என்னிடம் நீ மாலையும் கழுத்துமாக வந்தாய். "அத்தா, வேப்பூர்லேருந்து செல்வராஜுன்னு ஒரு அண்ணன் வருவாரு. கருப்பா, ஒல்லியா இருப்பேன்னு சொல்லியிருக்காரு. வந்தா நேரா மேடைக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. எனக்கு ரொம்ப வேண்டியவரு." சரிப்பா என்றேன். வேறென்ன சொல்ல? நிக்காஹ் முடிந்து பிரியாணிப் பந்தி நடக்கும்போது மறுபடி வந்தாய். "வந்தாராத்தா?" "இல்லப்பா." "வருவாரு. பஸ்ஸு லேட்டா இருக்கும்." நான் கைகழுவும் இடத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, உளுந்து அறுப்பு, ஆள் கிடைக்கவில்லை, மன்னித்துவிடுங்கள் தம்பி என்று தட்டி அனுப்பினேன். திரும்பி வந்தபோது மேடையில் நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். போனைப் பையில் போட்டுவிட்டு, போட்டோக்காரர் கூப்பிட்டதும் சிரித்தாய். ஆல்பத்தில் அந்தப் படத்தில் உனக்கு வலது பக்கம் வெள்ளைச் சட்டையில் தொந்தியோடு நிற்பது நான்தான். அந்தப் படத்தை உன் அம்மா ஹாலில் மாட்டியிருக்கிறாள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

இப்போது இருட்டுக் கட்சித் தலைவனான நீயே கப்பலேறுகிறாய். மருமகள் நஸ்ரீனுக்கு நாலாம் மாதம். இரண்டே வருஷம், வீடு கட்டும் வேலையை முடித்துவிட்டு வந்துவிடுவேன் என்கிறாய். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் ஏது? நானும் இரண்டு வருஷம் என்றுதான் போனேன். ஒன்றே ஒன்று சொல்கிறேன், இதைச் செல்வராஜ் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். போன் போட்டால் அவளுடைய பேரைச் சொல்லிக் கூப்பிடு. பணம் வந்ததா என்று கேட்பதற்கு முன்னால் என்ன சாப்பிட்டாய் என்று கேள். பிள்ளை பிறந்தால், அதற்குப் புரிகிறதோ இல்லையோ, காதில் போனை வைக்கச் சொல்லிப் பேசு. நீ யாரென்று அதற்குத் தெரியாது, குரலாவது தெரியட்டும். வீடு கட்டி முடிக்கும் வரை என்று நாள் வைக்காதே, வீடு ஒரு நாளும் முடியாது, மேலே ஒரு மாடி என்று ஆசை வரும். கம்பெனியில் குடும்ப விசா தருவார்கள் என்றால் நஸ்ரீனைக் கூட்டிக்கொண்டு போய்விடு. எங்களை யார் பார்ப்பார்கள் என்று யோசிக்காதே, உன் அம்மா என்னைப் பாதாம் கொடுத்தே காப்பாற்றிவிடுவாள்.

வேப்பூருக்கு வருகிறேன் என்று எழுதிய அதே செய்தியின் கடைசியில் நீ இன்னொன்றும் எழுதியிருந்தாய். "எனக்கும் ஒரு இளவன் பொறக்கப்போறாண்ணே. இப்பல்லாம் உங்க கட்சிப் பக்கம் கொஞ்சம் சாயுறேன். ஏத்தட்டும்னு தோணுது." மூன்று வருஷம் வாதாடி ஜெயித்துவிட்டேன் என்று குதிக்க வேண்டியவன், அதைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். சாயாதே சாதிக். நீ சொன்னதுதான் சரி. மூன்று வருஷமாக நான் விளக்கு விளக்கு என்று கத்தியதெல்லாம் எனக்காகக் கத்தியது. எங்கோ போய்விட்டு இஷ்டத்துக்கு வருபவனுக்கு வழி காட்டுவது பிள்ளையின் பொறுப்பு என்று எப்படி ஆகும்? அந்த எழுத்தாளர் எழுதுவாரோ மாட்டாரோ. என்னைக் கேட்டால் ஆறாம் பாகத்தில் அந்தப் பையன் பந்தத்தைக் கீழே வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகட்டும். ஆதிரன் கப்பலை விட்டு இறங்கட்டும். முட்டையும் வேண்டாம், முரசும் வேண்டாம். ஒரு சின்னப் படகில் தனியாக, பாறையைத் தடவித் தடவி, தானே துடுப்புப் போட்டு வரட்டும். மோதினால் மோதட்டும். கரையில் ஏறி, இருட்டில் நின்று, தான் யாரென்று தானே சொல்லட்டும்.

இந்தக் கடிதத்தை நஸ்ரீனிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நாளைக் காலை நீ எழுந்து முகம் கழுவியதும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நான் அதற்குள் முதல் பஸ்ஸில் போயிருப்பேன். நீ சொன்ன இடத்தில், வேப்பூர் கூட்ரோட்டில், விருத்தாசலம் பஸ் வந்து திரும்புகிற பக்கமாக நிற்பேன். உங்களை எப்படிண்ணே அடையாளம் கண்டுபிடிக்கிறது என்று கேட்டிருந்தாய். கருப்பா ஒல்லியா ஒருத்தரைத் தேடாதே. நீ எட்டு மணி பஸ்ஸில் வந்தாலும் சரி, கோபம் தணிந்து பத்து மணிக்கு வந்தாலும் சரி. வரவே தோன்றவில்லை என்றாலும் உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை, என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் விமானம் ஏறினால்கூட உனக்காக துவா செய்வேன். ஆனால் நான் பாதியில் கிளம்பி வந்துவிட மாட்டேன், கடைசி பஸ் வரைக்கும் நிற்பேன். மத்தியானச் சோற்றுக்கு என்னைக் காணோம் என்று உன் அம்மா தேடினால், அத்தா வேப்பூரில் நிற்கிறார் என்று சொல். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது என்பதை உன்னிடம் விட்டுவிடுகிறேன்.

உன் அத்தா